கொடி சிக்கிய ஏழு நிமிஷம்

நேவிக்காரர்கள் எனக்குக் கடிதம் போட்டிருந்தார்கள். பதினாறு வருஷமாக நான் இருக்கிறேனா செத்தேனா என்று எட்டிப் பார்க்காதவர்கள், 1979 பெப்ரவரியில் ஒரு நாள் 'அன்புள்ள டெயிலர் ஷுக்ரி அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தார்கள். அன்பாம்! முகாமில் இருந்த காலத்தில் 'டேய் டெயிலர்' என்பதற்கு மேல் ஒரு மரியாதை அந்த வாய்களிலிருந்து வந்ததில்லை.

பெரகல சந்திக்கு மேலே, மலையில், கடற்படைக்கு ஒரு பயிற்சி முகாம் இருந்தது. கடலுக்கும் அதற்கும் நாலு நாள் நடை. ஆனாலும் அதைக் கப்பல் என்றுதான் சொல்ல வேண்டும். தரையைத் தரை என்று சொன்னால் ஏச்சு விழும். மேல்தளம் என்று சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டிப் பெரகல கடைக்குப் போவதற்குப் பெயர் 'கரைக்குப் போவது'. மணிக்கு ஒரு தரம் வாசலுக்குப் 'படகு' வரும். படகு என்று ஒன்றும் கிடையாது. பயிற்சிக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள், ஒருவன் தலை எண்ணிக் கதவைத் திறந்து விடுவான். ஐந்து நிமிஷம் பிந்திப் போனால் படகு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த மணி வரைக்கும் கம்பிக்கு உள்ளே நின்று, ஆறடிக்கு அப்பால் இருக்கிற தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் கூத்துக்கு நடுவில் நான் பத்து வருஷம் வெள்ளைக் காற்சட்டை தைத்தேன்.

அறுபத்து மூன்றில் முகாமை மூடினார்கள். நான் பண்டாரவளைக்கு வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு மெஷினோடு கடை போட்டேன். அவர்கள் ஓய்வு பெற்று, தலை நரைத்து, இப்போது ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். முகாமின் ஞாபகங்கள் அழிந்து போகக் கூடாது என்று புத்தகம் போடப் போகிறார்களாம். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பழைய இடத்திலேயே கூடி, டேப் ரெக்கோடரில் ஒவ்வொருவராகப் பேசிப் பதிகிறார்கள். நானும் வர வேண்டும். பகல் சாப்பாடு உண்டு.

கடிதத்தோடு மூன்று பாஷையிலும் ரோனியோ மெஷினில் அடித்த ஒரு தாள். 'உங்கள் ஞாபகத்தைக் கிளறுவதற்கு' என்று தலைப்பு. அதன் கீழே பதினைந்து விஷயங்கள். இரண்டு தரம் வாசித்தேன். கசக்கி மெஷினுக்குக் கீழே, வெட்டுத் துண்டுகள் கிடந்த பெட்டியில் போட்டேன். அன்றைக்கே அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பாக்கியலெட்சுமி வந்தாள். முகாமுக்குக் கீழே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த பெண். இருபத்து மூன்று வயது. தாய் ரெங்கம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் இவளுக்கு இந்தியப் பாஸ்போட் வந்திருந்தது. அடுத்த மாதம் இருபதாந் தேதி தலைமன்னாரில் கப்பல். பயணத்துக்கு இரண்டு ரவிக்கை தைக்க வேண்டும் என்று துணி கொண்டு வந்திருந்தாள். ஒட்டுத் துணி வேண்டும் என்று பெட்டியைக் கிளறியவள் அந்தத் தாளை எடுத்து நீவி வாசிக்க ஆரம்பித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசிப்பாள், ஆனால் ஒன்றையும் விட மாட்டாள்.

"நானா, இந்த ஒம்போதாவது எங்க அப்பாவா?"

முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தாள் எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஒன்பதாவது இது: 'தொட்டிப் பேய். நீச்சல் தொட்டியில் குடிவெறியில் விழுந்து செத்த தோட்டக் கூலி. இரவுக் காவலில் யார் யார் பயந்தோம்?'

வாயில் குண்டூசி வைத்திருந்தேன். அதை எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் ஓட்டினேன். "ஓ, அவன்தான்" என்றேன்.

"எங்க அப்பா குடிப்பாரா?"

"அழகையா அந்தச் சனியனத் தொட்டதே இல்ல."

"அப்ப ஏன் இப்படி எழுதியிருக்காங்க?"

"அவங்க எழுதுவாங்க. எழுதுறவங்க கையத் தடுக்கவா ஏலும்?"

"நீங்க அங்கதான இருந்தீங்க. போயி சொல்லுங்க" என்றாள். "எங்க அம்மா சாவுற வரைக்கும் குடிகாரன் பொண்டாட்டின்னுதான் கேட்டுச்சு. லயத்துல தண்ணிப் பீலிச் சண்ட வந்தாலும் மொதல்ல அதத்தான் எடுப்பாங்க. நான் போயிட்டா இங்க எங்களப் பத்தி ஒண்ணும் இருக்காது. இந்தப் பொஸ்தகந்தான் இருக்கும். அதுலயும் குடிகாரன்னா இருக்கணும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, ஆனால் முன்னால் நின்றது அவள்தானே. "கப்பலேறப் போறவளுக்கு இதெல்லாம் எதுக்கு? வேற வேல இல்லையா?" என்று கத்தினேன்.

"வேல இருக்கு. இதும் இருக்கு" என்றாள். "நானும் ஒங்க கூட வர்றேன். நீங்க சொல்றத நான் கேக்கணும்."

அவள் போன பிறகு அந்த ரவிக்கைத் துணியைக் கோணலாக வெட்டித் தொலைத்தேன். முப்பது வருஷத் தொழிலில் நான் அப்படிச் செய்ததில்லை.

இங்கே மறைத்துப் பிரயோசனமில்லை, சொல்லிவிடுகிறேன். அழகையா செத்தது ஐம்பத்தொன்பது நவம்பரில். அவன் முகாமில் நாட்கூலி. தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாததால் கடற்படையில் சேர முடியாது. தொட்டியில் பாசி சுரண்டலாம், அதற்குத் தடையில்லை. தொட்டி என்றால் நீச்சலும் படகு வலிக்கவும் பழக்குகிற பெரிய சீமெந்துத் தொட்டி. இருபதடி ஆழம். ஓடைத் தண்ணீர், ஐஸ் மாதிரிக் குளிரும். அதற்கு முப்பது அடி தள்ளி என் தையல் கொட்டில். அவன் இருந்த காலத்தில் எத்தனையோ நாள் அழகையாவும் நானும் என் கொட்டில் வாசலில் ஒரே கேத்தல் தேத்தண்ணியைப் பகிர்ந்து குடித்திருக்கிறோம்.

பொழுது சாயும்போது கொடி இறக்குவார்கள். பியூகிள் ஊதத் தொடங்கியதும் முகாமில் இருக்கிற அத்தனை பேரும், எந்த வேலையில் இருந்தாலும், கொடிமரத்தைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். கொடி கீழே வந்து கையில் சேர்ந்து, 'இனிக் கலையலாம்' என்று இரண்டாவது ஊதல் வரும்வரை கண்ணிமை தவிர ஒன்றும் ஆடக் கூடாது. மொத்தம் ஒரு நிமிஷக் காரியம். சீருடைக்காரர்களுக்குத்தான் சட்டம். ஆனால் சமையல்காரனும் வண்ணானும் நாவிதனும் நானும்கூட நிற்போம். ஒரு தரம் நாவிதன் அந்த நேரத்தில் கத்தியைத் தீட்டினான் என்று அடுத்த நாளே அவனைத் துரத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் அசைவான்? மஃரிப் தொழுகைக்குக்கூட நான் அந்தக் கொடி இறங்கிய பிறகுதான் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போவேன். அல்லாஹ் காத்திருப்பான், கொடிக்குப் பொறுப்பான லெப்டினன்ட் ஹபுகொட காத்திருக்க மாட்டார்.

அன்றைக்குப் பியூகிள் தொடங்கி ஒரு மூச்சு விட்டிருப்பேன், தொட்டிப் பக்கம் தொப்பென்று சத்தம். பிறகு அழகையாவின் குரல். பாசி வழுக்கியிருக்கிறது. அவனுக்கு நீந்தத் தெரியாது. ஒரு நிமிஷம்தானே, முடிந்ததும் ஓடலாம் என்று நினைத்தேன். மூன்று நாளாக விடாத மூடுபனியில் கயிறு ஊறிப் பருத்துக் கப்பியில் இறுகி, கொடி பாதி மரத்தில் நின்றுவிட்டது. கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. ஒருவன் மரத்தில் ஏறி அதை அவிழ்க்கும்வரை ஏழு நிமிஷம் நூற்று எண்பது பேரும் சிலையாக நின்றார்கள். நூற்று எண்பத்தோராவது ஆள் நான். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல், முப்பதடி தூரம்.

ரெங்கம்மாவின் துணிக்கு அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் கூலி வாங்கியதில்லை. அவள் என்னை நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒவ்வொரு தரமும் அது எனக்குச் செருப்படி.

ஞாயிற்றுக்கிழமை நானும் பாக்கியலெட்சுமியும் பெரகலயில் இறங்கி மலை ஏறினோம். இரண்டு மைல். வழி முழுக்க நான் எப்படிச் சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இவளுக்குக் கடை வீதிச் சிங்களம்தான், வேகமாகப் பேசினால் பிடிபடாது. அழகையா குடிக்கவில்லை என்பதைச் சிங்களத்தில் வேகமாகச் சொல்ல வேண்டும், நான் எங்கே நின்றேன் என்பதை இன்னும் வேகமாக. பிறகு வெளியே வந்து, சொல்லிவிட்டேன் மகளே என்று தமிழில் ஒரு வரி. இதுதான் என் திட்டம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது நல்ல திட்டம் என்றும் நினைத்தேன்.

அதிகாரிகளின் பழைய சாப்பாட்டு மண்டபம் இப்போது உரமூட்டை அடுக்கும் களஞ்சியம். மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் நீள மேசை போட்டிருந்தார்கள். பதினெட்டு இருபது பேர். வயிறு முன்னால் வந்த, பல் கட்டிய கிழவர்கள், இருபது வயதுப் பையன்களைப் போல் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைத் தலைமாட்டில் கமாண்டர் ஹபுகொட. ஐம்பத்தொன்பதில் லெப்டினன்ட். அன்று கொடி இறக்கத்துக்குப் பொறுப்பாக நின்றவர் அவர். அழகையா குடித்திருந்தான் என்று அறிக்கை எழுதியதும் அவர்.

பாக்கியலெட்சுமியைப் பார்த்து, "இது யார்?" என்றார்.

"அழகையாவின் மகள்."

"எந்த அழகையா?"

"உங்கள் ஒன்பதாம் நம்பர்" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெண்களுக்கு உள்ளே இடமில்லை, வெளியே உட்காரட்டும் என்றார். ஜன்னலுக்குக் கீழே சீமெந்துத் திண்ணையில் அவள் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கண்ணாடி எப்போதோ போய்விட்டது. வெறும் கம்பி.

டேப் ரெக்கோடருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஸரூக். பதுளை மலாய்க்காரன். அந்தக் காலத்தில் கொடிக் கயிறு அவன் பொறுப்பு. தமிழும் சிங்களமும் மலாயும் பேசுவான் என்பதால் பதிவு வேலையை அவன் தலையில் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தான். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஐந்தாம் விஷயம் வந்ததும் மேசையே அதிர்ந்தது. 'கொடி சிக்கிய மாலை. ஏழு நிமிஷம் சிலையாக நின்றோமே!' ஒருவர் தன் காற்சட்டைக்குள் அட்டை ஏறியதையும் அசையாமல் நின்றதையும் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். இன்னொருவர் அதுதான் எங்கள் ஒழுக்கம், இந்தக் காலத்துப் பொடியன்களிடம் அது எங்கே என்றார். ஹபுகொட கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒன்பதாம் விஷயத்துக்கும் அதே சிரிப்பு. தொட்டிப் பேய் சாராயம் கேட்டுக் கதவைத் தட்டியதாம். புதுப் பையன்களை அப்படிச் சொல்லி மூத்திரம் போகவிடாமல் பண்ணினார்களாம். இரண்டு கதையையும் சொன்னது ஒரே வாய்கள். நடுவில் இருந்தது ஒரு கோப்பைத் தேத்தண்ணி. ஒருவனுக்காவது இரண்டும் ஒரே நாள் என்று உறைக்கவில்லை. அல்லது உறைத்திருந்தது, இருபது வருஷமாகச் சிரித்துச் சிரித்து அதை மழுக்கிவிட்டார்கள். எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"டெயிலர், உன் முறை" என்றார் ஹபுகொட. "எங்கள் காற்சட்டை அளவுகளைச் சொல். யாருடைய இடுப்பு பெரிது?"

"ஐந்தும் ஒன்பதும் பற்றிப் பேச வேண்டும்" என்று சிங்களத்தில் ஆரம்பித்தேன்.

"அவை முடிந்துவிட்டன."

"முடியவில்லை. அழகையா குடித்திருக்கவில்லை. கொடி சிக்கிய அந்த நேரத்தில்..."

மேசை மேல் கையை வைத்து அடித்தார். சிரிப்பு அடங்கியது. சுற்றிப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முந்தைய அதே பார்வை, அதற்கு மட்டும் நரைக்கவில்லை. பிறகு குரலை மென்மையாக்கிக்கொண்டார். "டெயிலர், உன் சிங்களம் விளங்குவது கஷ்டம். நீ உன் பாஷையிலேயே பேசு. ஸரூக் பிறகு ஆறுதலாக மொழிபெயர்ப்பான். நாங்கள் சாப்பிடப் போவோம்."

முகாமில் இருந்த காலமெல்லாம் என்னோடு சிங்களத்திலேயே பேசி உடுப்புத் தைத்துக்கொண்டவர்! தமிழில் பேசவிட்டு அதை டேப்போடு புதைத்துவிடலாம் என்று அவர் எண்ணம். அது எனக்கு உடனே விளங்கியது. அவருக்கு விளங்காத ஒன்றும் இருந்தது. தமிழில் பேசினால் கேட்கப் போகிறவள் ஜன்னலுக்குக் கீழே இருந்தாள்.

எழுந்து போயிருக்கலாம். நிஜமாகவே கதவைப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவளுடைய தலை தெரிந்தது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. அது அசையவே இல்லை. ஸரூக் பொத்தானை அமுக்கினான்.

"அழகையா விழுந்தது அந்திக் கொடி நேரம்" என்றேன். "கொடி சிக்கின அதே நாள். எல்லாரும் அசையாம நிண்டாங்க. அவன் கத்தினான். ஒருத்தரும் போகல்ல. ரெண்டாம் ஊதல் வந்த பொறகுதான் ஓடினோம். தூக்கி எடுக்கக்குள்ள மூச்சு இல்ல. அப்ப மருந்து அறைக்காரன் ஓடி வந்து, உசிரு வரட்டும் எண்டு நேவி ரம்ம அவன்ட வாயில ஊத்தினான். அரைப் போத்தல். நான் கண்ணால கண்டது. பொறகு லெப்டினன்ட் வந்து குனிஞ்சி மணந்து பாத்திட்டு, குடிகாரன் எண்டு எழுதினாரு. அது இவங்கட ரம். அவன் ஆயுசுல தொட்ட ஒரே சாராயம் அதுதான், அதுவும் மவுத்தான பொறகு."

ஸரூக் டேப்பை நிறுத்தவில்லை. நான் சொன்னதை அப்படியே, வரிக்கு வரி, அங்கேயே எல்லோருக்கும் கேட்கச் சிங்களத்தில் சொன்னான். ஹபுகொட இரண்டு தரம் "போதும்" என்றார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேசையில் ஒரே கூச்சல். வேறு நாள் என்றார் ஒருவர். விருந்துக்குக் கூப்பிட்டால் பிணத்தைக் கொண்டு வருகிறான் என்றார் அட்டைக் கதைக்காரர். அந்த நேரத்தில் யாரால் என்ன செய்ய முடியும், கட்டளை கட்டளைதானே என்றார் இன்னொருவர்.

"ரெண்டும் ஒரே நாள்" என்றான் ஸரூக். முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு சிங்களத்தில். "கயித்தப் புடிச்சிக்கிட்டு நிண்டது நான். எனக்கும் கேட்டிச்சி."

அதற்குப் பிறகு வேறு நாள் என்று யாரும் சொல்லவில்லை. ஹபுகொட எழுந்தார். என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். அவர் சாதுவான ஆள் இல்லை. எங்கே குத்தினால் எனக்கு நோகும் என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

"நாங்கள் சீருடையில் இருந்தோம். எங்களுக்குச் சட்டம். நீ யார்? சிவிலியன். உன் கொட்டில் தொட்டிக்குப் பக்கத்தில். உன்னை யார் நிற்கச் சொன்னது?"

மெதுவான, தெளிவான சிங்களம். கடை வீதிச் சிங்களம் தெரிந்தவருக்கும் விளங்கும்.

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. "ஒருத்தரும் சொல்லல்ல" என்றேன் தமிழில். "நானாத்தான் நிண்டன். முப்பது அடி. வேல போயிரும் எண்டு பயம். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும் எண்டு நெனச்சன். ரெண்டாவது நிமிஷம் கால எடுக்கப் பாத்தன். வரல்ல. அவ்வளவு பழகிப் போச்சி."

ஸரூக் இதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. ஹபுகொட பேனாவை எடுத்து, மேசையில் கிடந்த தாளில் 'குடிவெறியில்' என்ற சொல்லை மூன்று பாஷையிலும் கோடிழுத்து வெட்டினார். பேனா கிழிக்கிற சத்தம் கேட்டது. "வெட்டியாயிற்று. தொட்டியில் தவறி விழுந்தான் என்று போடுகிறேன். கொடியின் கதை கொடியின் கதையாக இருக்கும். போதுமா? இனிப் போ."

சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை.

வெளியே வந்தேன். பாக்கியலெட்சுமி எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் பின்னால் நடந்தேன். அந்த இரண்டு மைலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் எட்டிப் பிடிக்கப் பார்க்கவில்லை. குடிகாரன் என்ற சொல் போய்விட்டது, அவள் கேட்டது அதுதானே, கிடைத்துவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உள்ளே ஒட்டவில்லை.

பெரகல சந்தியில் அவளுக்குத் தோட்டப் பக்கம் போகிற பஸ், எனக்குப் பண்டாரவளை பஸ். ரோட்டின் இரண்டு பக்கம் நிற்க வேண்டியவர்கள். அவள் தன் பக்கம் போகாமல் என் முன்னால் வந்து நின்றாள். அழுதிருக்கவில்லை.

"குடிக்கலன்னு சொல்லிட்டீங்க. அந்தத் தொரை அத வெட்டுனதயும் பாத்தேன்" என்றாள்.

"ஓ."

"கத்துனாருன்னு சொன்னீங்களே. என்னன்னு கத்துனாரு?"

நான் தேத்தண்ணிக் கடையைப் பார்த்தேன். கீழே கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து ஒரு லொறி முக்கி முக்கி ஏறி வந்தது. அது போகட்டும் என்று நின்றேன். அதுவும் போனது.

"கேக்குறேன்ல? எங்க அம்மா பேரச் சொன்னாரா? சாமியக் கூப்பிட்டாரா?"

"இல்ல."

"யாரக் கூப்பிட்டாரு?"

பொய் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு அது. ரெங்கம்மா என்று சொல்லியிருந்தால் இந்தப் பெண் அதை இந்தியா வரைக்கும் நெஞ்சில் வைத்துக் கொண்டுபோயிருப்பாள். புண்ணியம்கூடக் கிடைத்திருக்கும்.

"என்னத்தான்" என்றேன்.

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். முகத்தில் துப்பியிருந்தால் துடைத்திருக்க மாட்டேன். அவள் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தாள். அவளுடைய பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது.

"அதயும் அதுல எழுதச் சொல்லுங்க" என்றாள்.

ரோட்டைக் கடந்தாள். பஸ்ஸில் ஏறி அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ரவிக்கைகள் இன்னும் என் கடையில் கிடந்தன. அவற்றை வாங்க அவள் வரவேயில்லை.

சிறிது நேரத்தில் பண்டாரவளை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டான். நான் திரும்பி மலை ஏறினேன். ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, வெறும் வயிறு. பாதி வழியில் இரண்டு தரம் உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி இருக்கும். அவர்கள் வான்களில் ஏற ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். ஸரூக் டேப் ரெக்கோடரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இப்போது என்ன?" என்றார் ஹபுகொட. "இன்னும் எந்தச் சொல்லை வெட்ட வேண்டும்?"

"வெட்ட வேண்டாம். ஒன்று சேர்க்க வேண்டும்."

"நேரமில்லை."

ஸரூக் சுற்றிய வயரை அவிழ்த்து மறுபடி சொருகினான். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வானுக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டார். மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். பொத்தான் அமுங்கியது.

"அழகையா சும்மா கத்தல்ல" என்றேன். "என்ட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான். ஷுக்ரி நானா, ஷுக்ரி நானா எண்டு. மூணு தரம் கேட்டிச்சி. நாலாந் தரம் தண்ணிச் சத்தம்தான்."